திருட்டுத் தடுப்புக் கருவியும் பிரீமியம் தள்ளுபடியும்: எதில் யாருக்கு லாபம்?

காருக்குத் திருட்டுத் தடுப்புக் கருவி விற்பவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இன்சூரன்ஸில் தள்ளுபடி கிடைக்கும்." பொய்யில்லை, கிடைக்கும். எதில், எவ்வளவு என்று கேட்டால்தான் பேச்சு இழுக்கும். மோட்டார் பாலிசி பல பகுதிகள் சேர்ந்தது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பகுதியில் திருட்டுத் தடுப்புக்கு வேலையே இல்லை. திருட்டு அடங்கியிருக்கும் சொந்தச் சேதப் பகுதியில்தான் தள்ளுபடி விழும். மொத்த பிரீமியம் 100 என்றும், அதில் அந்தப் பகுதி 30 என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதத் தள்ளுபடி என்றால் மிச்சமாவது 3. இந்தியாவின் பழைய கட்டண விதி இன்னும் சிக்கனமானது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கருவிக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதுவும் 500 ரூபாயைத் தாண்டாது.

கருவியின் விலையைத் தள்ளுபடியால் மீட்டுவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தேறாது. என்றாலும் தள்ளுபடிப் பட்டியல் பயனற்றதும் அல்ல. காப்பீட்டு நிறுவனம் எதை நம்புகிறது, எதை நம்பவில்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒவ்வொரு கருவியிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உன்னால் லாபம் யாருக்கு? கார் வைத்திருப்பவருக்கா, அதே தெருவில் கார் நிறுத்தும் மற்றவர்களுக்கா, காப்பீட்டு நிறுவனத்துக்கா?

இம்மொபிலைசரிலிருந்து தொடங்குவோம். சாவிக்குள் இருக்கும் சிப் சரியான பதிலைத் தராவிட்டால் எஞ்சின் கிளம்பாது. ஓட்டுநர் எதையும் நினைவில் வைத்து அழுத்தவோ பூட்டவோ வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதலும், ஆஸ்திரேலியா 2001 முதலும், கனடா 2007 முதலும் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கின. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அதற்கான விலையை அந்நாடு பின்னர் கொடுத்தது. 2015 மாடல் கார்களில் மற்ற நிறுவனங்களின் தயாரிப்புகளில் 96 சதவீதம் இம்மொபிலைசருடன் வந்தபோது, ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில் மட்டுமே அது இருந்தது. ஸ்டீயரிங் தண்டின் உறையைப் பெயர்த்து, யூஎஸ்பி கேபிளின் முனையைச் செருகித் திருகினால் வண்டி கிளம்பிவிடும் என்று காட்டும் வீடியோக்கள் 2021 வாக்கில் பரவத் தொடங்கின. 2023இல் ஸ்டேட் ஃபார்ம், புரோகிரசிவ் ஆகிய பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில பகுதிகளில் அந்த மாடல்கள் சிலவற்றுக்குப் புதிய பாலிசி தர மறுத்தன. மலிவான ஒரு சிப் இல்லாததால் பாலிசியே கிடைக்காமல் போனது. இதோடு ஒப்பிட்டால் சில சதவீதத் தள்ளுபடி எம்மாத்திரம்?

தொழிற்சாலையிலேயே பொருத்திய இம்மொபிலைசருக்குப் பல இடங்களில் தனித் தள்ளுபடி கிடையாது. அந்த மாடலுக்கு விகிதம் நிர்ணயிக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். 'என் காரில் இருக்கிறதே, தள்ளுபடி எங்கே?' என்று சண்டை போடுவதில் பயனில்லை, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

இம்மொபிலைசரின் பலவீனம், சாவியைச் செருகாமல் பக்கத்தில் வைத்திருந்தாலே கிளம்பும் 'சாவியில்லா' வண்டிகளில் வெளிப்பட்டது. வீட்டுக்குள் மேசைமீது கிடக்கும் சாவியின் சிக்னலை ஒருவன் சுவருக்கு வெளியே நின்று பிடித்து, காரருகே நிற்கும் கூட்டாளிக்குக் கடத்துகிறான். சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் 8 தயாரிப்பாளர்களின் 10 மாடல்களில் இதைச் சோதித்தபோது பத்தும் ஏமாந்தன. பிறகு இன்னொரு வழியும் வந்தது. முன்விளக்குப் பக்கம் இருக்கும் ஒயர்களை வெளியே இழுத்து, காரின் உள் தகவல் இணைப்புக்குள் போலிச் செய்தியைச் செலுத்துகிறார்கள். இதில் சாவி வீட்டில் சிக்னலை மறைக்கும் உலோகப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் பயனில்லை. தூரத்தைத் துல்லியமாக அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் சாவி முதல் வழியை அடைக்கும். இரண்டாவதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லோரும் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்கும் ஸ்டீயரிங் பூட்டு திரும்ப வருவது இங்கேதான். மின்னணு வித்தை எதுவானாலும் அதன் முடிவில் திருடன் ஸ்டீயரிங்கைத் திருப்பியாக வேண்டும். அதன் குறுக்கே கனத்த இரும்பு கிடந்தால் ரம்பமோ வெட்டுக்கருவியோ தேவை. சத்தம் எழும், நேரம் பிடிக்கும். பூட்டை விட்டுவிட்டு ஸ்டீயரிங் வளையத்தையே அறுத்துக் கழற்றும் வழியும் இருக்கிறது. ஆகவே தண்டையும் மையப் பகுதியையும் மூடிப் பிடிக்கும் வகை மேல்.

இவ்வளவு உபயோகமான பொருளுக்குத் தள்ளுபடி சொற்பம், அல்லது இல்லவே இல்லை. காரணம் நியாயமானதே. நேற்றிரவு நீங்கள் அதை மாட்டினீர்களா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தால் நிரூபிக்க முடியாது, உங்களாலும் முடியாது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் தானாக விழித்துக்கொள்ளும் கருவிக்கு அதிகமும், மனிதர் கையால் இயக்க வேண்டிய கருவிக்குக் குறைவுமாகத் தள்ளுபடி தருவதும் இதே கணக்கில்தான். அவர்கள் விலை வைப்பது பூட்டின் பலத்துக்கு அல்ல, நம் மறதிக்கு. தினமும் மறக்காமல் மாட்டுபவருக்கு அந்தச் சராசரிக் கணக்கில் இடமில்லை. அவர் தள்ளுபடியைப் பாராமல் வாங்கலாம்.

ஸ்டீயரிங் பூட்டின் லாபம் முழுக்க உடைமையாளருக்கே. கண்ணாடி வழியே அதைப் பார்த்த திருடன் தொழிலை விடுவதில்லை, அடுத்த வண்டிக்கு நகர்கிறான். நட்டம் தெருவில் மற்றொருவருக்கு. கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் இதற்கு நேர் எதிர். 1986இல் மாசசூசெட்ஸில் அறிமுகமான லோஜாக் காருக்குள் மறைந்திருக்கும் ரேடியோ கருவி. எந்தக் காரில் அது இருக்கிறது என்பது வெளியே தெரியாது. இயன் ஐரஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு பேராசிரியர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு, லோஜாக் பரவிய நகரங்களில் பொருத்தாத கார்களின் திருட்டும் சேர்ந்து குறைந்ததைக் காட்டியது. திருடனுக்கு ஒவ்வொரு காரும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. பொருத்தியவர் பெறும் பயன் மொத்தப் பயனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது அவர்கள் கணிப்பு, மிச்சம் ஊருக்கு. அப்படியானால் டிராக்கருக்குத் தரப்படும் தள்ளுபடி சலுகையே அல்ல, ஊருக்காக நீங்கள் செய்த செலவில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருவது. எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. தள்ளுபடி இன்னும் தாராளமாக இருக்கலாம் என்றே இதிலிருந்து தோன்றுகிறது.

ஆனாலும் டிராக்கர் கார் போவதைத் தடுப்பதில்லை. போன காரைத் தேடித் தருகிறது. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் மெல்ல மழுப்புவார்கள். சில மணி நேரத்தில் மீட்டால் கார் முழுசாக வரும். தாமதமானால் அடிபட்டோ பாகங்கள் இழந்தோ வரும்; முழு இழப்பீட்டுக்குப் பதிலாகப் பழுதுபார்த்த வண்டி உங்கள் கைக்கு வரும். நிறுவனத்துக்கு அது பெரிய மிச்சம், உங்களுக்கு எப்போதும் அப்படி இல்லை. ஜிபிஎஸ், கைபேசி சிக்னல் இரண்டையும் முடக்கும் ஜாமர் திருடர்களிடம் உண்டு. ரேடியோ அலைவரிசையும் சேர்ந்த டிராக்கர் அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கருவிகளைச் சோதிக்கும் தாட்சம் மையத்தின் தரவரிசையில் எஸ்7 வெறும் டிராக்கர். எஸ்5 வகையிலோ ஓட்டுநர் கையில் தனி அடையாள வில்லை இருக்கும். அது இல்லாமல் வண்டி நகர்ந்தால் கண்காணிப்பு மையத்துக்கு உடனே செய்தி போகும், மறுபடி எஞ்சின் கிளம்பாமல் தொலைவிலிருந்தே தடுக்கவும் முடியும். இரண்டில் ஒன்று என்றால் எஸ்5 வகைதான். உடைமையாளர் தூங்கும்போதும், வில்லை இல்லாமல் வண்டி நகர்ந்தால் செய்தி போவது அதில்தான்.

விலையுயர்ந்த கார்களுக்கு அங்கே சில நிறுவனங்கள் டிராக்கருக்குத் தள்ளுபடி தருவதில்லை. டிராக்கர் இருந்தால்தான் பாலிசி என்கின்றன. தள்ளுபடிக்கும் நிபந்தனைக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. டிராக்கருக்கான ஆண்டுச் சந்தா கட்ட மறந்து சேவை நின்றிருந்த வாரத்தில் கார் திருடு போனால், தள்ளுபடி பெற்றவர் அந்தச் சொற்பத் தொகையைப் பற்றி விளக்கம் சொல்ல நேரலாம். நிபந்தனைக்குக் கையெழுத்திட்டவரின் இழப்பீடே கேள்விக்குள்ளாகலாம். பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில் கருவியின் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். பொருத்தியதற்கான சான்றிதழ், சந்தா ரசீது இரண்டையும் காருக்குள் வைக்காதீர்கள். காரோடு அவையும் போய்விடும்.

அலாரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இடி இடித்தாலும் பூனை குதித்தாலும் அலறும் சத்தத்துக்கு யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. இம்மொபிலைசரோடு சேர்ந்து வந்தால் இருக்கட்டும். தனியாக, தள்ளுபடிக்காக வாங்கும் பொருள் அல்ல. கண்ணாடிகளில் காரின் சேஸிஸ் எண்ணைப் பொறிப்பது அதைவிட மலிவு; நியூயார்க் மாநிலத்தில் அதற்கும் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. பாகங்களைப் பிரித்து விற்பவனுக்குத்தான் அது தொல்லை.

எரிபொருள் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரகசிய சுவிட்ச், மின்னணு வழித் திருட்டுக்கு எதிராக எனக்குப் பிடித்த இன்னொன்று. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதவன் அவசரத்தில் அதைத் தேட மாட்டான். சிக்கல் என்னவென்றால், தெருமுனை மெக்கானிக் ஒயரை வெட்டிப் பொருத்திய சுவிட்சுக்குத் தள்ளுபடி கிடையாது. கார் நிறுவனத்தின் வாரண்டியிலும் தகராறு வரலாம். அறிவிக்காமல் செய்த மாற்றம் என்று காப்பீட்டுப் பக்கமிருந்தும் கேள்வி வரலாம். பொருத்துவதற்கு முன் இரு தரப்பிடமும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டால் இந்தத் தகராறு எழாது. பழைய கார் வாங்குபவர்கள் முந்தைய உடைமையாளர் இப்படி ஏதாவது ஒளித்துவைத்திருக்கிறாரா என்றும், டிராக்கர் சந்தா இன்னும் அவர் பெயரிலேயே ஓடுகிறதா என்றும் பணம் கைமாறுமுன் கேட்டுவிட வேண்டும். அவர் பெயரிலேயே இருந்தால், கார் காணாமல் போன இரவில் கண்காணிப்பு மையம் அழைப்பது அவருடைய தொலைபேசியை.