தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்: நரம்பு நெரிபடுவதும் சிரை நெரிபடுவதும்

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய வழியாகத்தான் கைக்குரிய நரம்புகளும் இரத்தக் குழாய்களும் கடக்கின்றன. அங்கே இவை நெரிபடுவதால் வருவதே தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்; எது நெரிபடுகிறது என்பதைப் பொறுத்து நோயின் முகமே மாறிவிடுகிறது. தமனி நெரிபடுவது மிக அரிது என்பதால், மற்ற இரண்டை மட்டும் ஒப்பிடுகிறேன்.

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதிக்கப்படுவது நரம்பே. கழுத்தின் பக்கவாட்டிலுள்ள ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே கைக்குரிய நரம்புப் பின்னல் வருவதால், விபத்தில் கழுத்து வெடுக்கென்று இழுபட்டு அத்தசைகள் தழும்பேறி இறுகினாலோ, ஏழாவது கழுத்து முள்ளெலும்பிலிருந்து பிறவியிலேயே கூடுதல் விலா ஒன்று முளைத்திருந்தாலோ அங்கே இடம் போதாமல் போகிறது. தோள்களைத் தொங்கவிட்டு நெடுநேரம் வேலை செய்யும் பழக்கம் அதை மோசமாக்குகிறது. தலை வாரக் கையை உயர்த்திய சிறிது நேரத்திலேயே மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய்ச் சீப்பு நழுவும். மெல்ல வளர்வதாலும், கழுத்து வட்டு விலகலைப் போலவே தோன்றுவதாலும், காரணம் புரியாமல் பலர் ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடுவது மிகுந்த வருத்தத்துக்குரியது. பெரும்பாலும் முதல் சிகிச்சை இயன்முறைப் பயிற்சியே.

சிரையோ அத்தசைகளுக்கு நடுவே செல்வதில்லை. முன்புறமாகச் சென்று, காறை எலும்பும் முதல் விலாவும் நெருங்கும் மூலையில் அகப்படுகிறது. நீச்சல், பந்தெறிதல் என்று கையைத் தலைக்கு மேல் திரும்பத் திரும்ப வீசும் இளைஞர்களிடம் அதன் சுவர் புண்பட்டு இரத்தம் உறைகிறது. முந்தைய நாள் நன்றாயிருந்த கை மறுநாள் வீங்கிக் கனத்து நீலம் பூத்திருக்கும். இங்கே பயிற்சி செய்துகொண்டு காத்திருப்பது பெருந்தவறு. உறைகட்டி நுரையீரலுக்குச் செல்லக்கூடும் என்பதால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுக்க வேண்டும். உறைவைக் கரைக்கும் சிகிச்சை முதல் 14 நாட்களுக்குள் தொடங்கினால் நன்கு பலனளிக்கிறது, அதன்பின் பலருக்கு முதல் விலாவை அகற்றவும் வேண்டியிருக்கும்.