உடல் எடைக்கு வார ஊசி: ஒன்றரை ஆண்டு கழித்து எழுதுவது

செமாக்ளூடைட் ஊசியை ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் போட்டுவருகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை; எடைக்காகவே மருத்துவர் எழுதிக்கொடுத்தார். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கும் முழங்கால்கள். இதுதான் அப்போதைய நிலைமை. முதல் மாத அனுபவங்களை எழுதியவர்கள் ஏராளம். அவற்றில் பாதி பரவசம், மீதி பீதி. இந்த மருந்தின் குணம் அரை ஆண்டு தாண்டிய பிறகே பிடிபடுகிறது என்பது என் எண்ணம், அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

தொடங்குவதற்கு நான் நிறையவே தயங்கினேன். எடைக் குறைப்பு மருந்துகளின் பூர்வீகம் அப்படி. 1930களில் டைநைட்ரோஃபீனால் என்று ஒன்றை விற்றார்கள். உடம்புச் சூடு ஏறிச் செத்தவர்களும் கண்புரை வந்தவர்களும் உண்டு. ஃபென்ஃப்ளூரமைன் இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997இல் சந்தையிலிருந்து போனது. ஐரோப்பாவில் 2006இல் அனுமதி பெற்ற ரிமோனபன்ட், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கிளப்புகிறது என்று 2008இல் நிறுத்தப்பட்டது. லோர்காசெரின் 2012இல் அமெரிக்காவில் அனுமதியாகி, புற்றுநோய்க் கவலையால் 2020இல் திரும்பப் பெறப்பட்டது. பிந்தைய மூன்றும் மருத்துவர் சீட்டில் எழுதி வாங்கியவைதாம். பல ஆண்டுகள் பல லட்சம் பேர் சாப்பிட்ட பிறகு, "அடடா" என்றார்கள்.

என் மனதை மாற்றியது இரண்டு ஆய்வுகளின் வித்தியாசம். சிபுட்ரமைன் என்ற பழைய மாத்திரையை, இதய நோய் வர வாய்ப்புள்ளவர்களுக்கும் ஏற்கெனவே வந்தவர்களுக்கும் கொடுத்து நெடுநாள் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 2010இல் அது போயிற்று. செமாக்ளூடைட்டை இதய நோய் இருந்த 17,604 பேரிடம் பார்த்தார்கள், 2023இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைவு. பழையது சறுக்கிய அதே இடத்தில் இது தேறியிருக்கிறது. தவிர, இந்த வகை மருந்துகள் 2005 முதலே சர்க்கரை நோயாளிகளிடம் புழக்கத்தில் இருக்கின்றன. முழு நிம்மதி தரும் வாதம் இல்லைதான். துணிந்து இறங்க அது போதுமானதாக இருந்தது.

(இடையில் ஆர்லிஸ்டாட்டையும் கொஞ்ச காலம் பார்த்தேன். நாம் சாப்பிடும் கொழுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும் மாத்திரை. தடுக்கப்பட்ட கொழுப்பு எப்படி வெளியேறும் என்பதை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வெளியே கிளம்பவே யோசிக்க வைக்கும்.)

டோஸ் ஏற்றும் காலம் பொறுமையைச் சோதிக்கும். முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம். எடை குறைக்க அது போதாது, குடலைப் பழக்கவே அந்த அளவு. பிறகு 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம். எடைக் குறைப்புக்கான முதன்மை ஆய்வில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. நான் அந்தக் கூட்டத்தில்தான். ஊசி போட்ட மறுநாள் காலையில் தொடங்கி இரண்டு நாள் இருக்கும். மலச்சிக்கல் அதைவிடத் தொல்லை. அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

1.7க்கு ஏறியதும் வாந்தி ஆரம்பித்தது. மருத்துவரிடம் போனபோது, "பழைய டோஸுக்கே இறங்குங்க. மேல ஏறினாத்தான் வேலை செய்யும்னு ஒண்ணும் இல்ல, வயிறு ஒத்துக்கிற டோஸ்தான் உங்க டோஸ்" என்றார். இரண்டு மாதம் 1 மில்லிகிராமிலேயே இருந்துவிட்டுப் பிறகு ஏறினேன். பாதியில் விட்டுவிட்டதாகச் சொல்லும் பலரிடம் விசாரித்தால், அட்டவணைப்படி வாரங்களை எண்ணி ஏற்றப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். ஏற்றியவர் மீண்டும் ஒருமுறைகூட அவர்களைப் பார்த்திருக்க மாட்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பசி குறைந்தது என்பதைவிட, சாப்பாட்டைப் பற்றி மண்டைக்குள் ஓயாமல் ஓடிய பேச்சு நின்றுபோனது. அடுத்து என்ன, எவ்வளவு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா, நாளையிலிருந்து குறைத்துக்கொள்ளலாமா என்ற அந்த நச்சரிப்பு இல்லாமலேயே மற்றவர்கள் வாழ்கிறார்கள் என்பதே எனக்குச் செய்தி. "வாயைக் கட்ட முடியாதா?" என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்கள்மீது அப்போதுதான் உண்மையாகக் கோபம் வந்தது. அவர்கள் கட்ட வேண்டியிருந்த வாய் வேறு, என்னுடையது வேறு. எடையில் இதுவரை ஆறில் ஒரு பங்கு போயிருக்கிறது; ஆய்வுகளின் சராசரியும் 68 வாரத்தில் சுமார் 15 சதவீதம்தான், ஆகவே நான் விதிவிலக்கு இல்லை.

இனி ஆபத்துகள். முதலாவது, பசியோடு தாகமும் மங்கிவிடுகிறது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் அடிவாங்கும். எனக்கு அது தலைசுற்றலாக வந்தது. எடை இறங்க இறங்க இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது, மாத்திரை மட்டும் பழைய அளவில் ஓடிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்து ஒரு மாத்திரையை நிறுத்தினார்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இதே கதை சர்க்கரைத் தாழ்நிலையாக வரும். புது மருந்தைக் கொடுப்பவர், பழைய மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பித்தப்பை. எடை நன்றாக இறங்கிக்கொண்டிருந்த சமயத்தில், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி பிடிக்கும், தோள்பட்டை வரை இழுக்கும், தானாக விடும். மருந்தின் வழக்கமான வயிற்றுத் தொந்தரவு என்று கொஞ்ச நாள் விட்டுவைக்கத் தோன்றும், அங்கேதான் சிக்கல். ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. வேகமாக எடை குறைந்தாலே, எந்த வழியில் குறைந்தாலும், பித்தநீரில் கொலஸ்டிரால் கூடும். குறைவாகச் சாப்பிடுவதால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாவதும் இல்லை. அதற்கு மேல் மருந்தின் பங்கும் உண்டு. ஆய்வுகளில் ஊசி போட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 0.7 சதவீதம் பேருக்கும் பித்தக்கற்கள் வந்தன. சதவீதம் சிறியது. வலி அப்படி இல்லை.

பித்தப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் மயக்க மருந்து நிபுணர் கேட்ட முதல் கேள்வியே, "எடைக்கு ஏதாவது ஊசி போடுறீங்களா? கடைசியா எப்போ போட்டீங்க?" என்பதுதான். இந்த மருந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. வழக்கம்போல இரவு முழுக்கப் பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 2024இல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். ஊசியை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் பாதி மருந்துதான் உடம்பைவிட்டுப் போயிருக்கும். முழுக்க வெளியேற ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். என்னை முந்தைய நாள் முழுவதும் நீராகாரத்தில் வைத்து, காலையில் வயிற்றை ஸ்கேன் பண்ணிக் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே கொண்டுபோனார்கள். பல் மருத்துவரோ, எண்டோஸ்கோப்பி செய்பவரோ, யார் மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும் ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள். எடைக்கு மருந்து எடுப்பதை வீட்டிலேயே மறைப்பவர்கள் உண்டு. மறைக்கக் கூடாத இடம் அது.

அறுவைச் சிகிச்சையை ஒட்டி ஊசி நின்ற வாரங்கள் இன்னொன்றையும் காட்டின. மூன்றாம் வாரம் பசி திரும்பியது, அடுத்து அந்த மண்டைப் பேச்சு, பின்னாலேயே எடை. ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இது இரத்த அழுத்த மாத்திரையைப் போலத் தொடர்ந்து எடுப்பதற்கான மருந்து. "மூணு மாச கோர்ஸ்" என்று யாராவது விற்றால், அவர் விற்பது வேறு ஏதோ. சில வாரங்கள் விட்டுப்போனால் பழைய உயர்ந்த டோஸுக்கு நேரே தாவவும் கூடாது. நான் கீழ்ப்படியிலிருந்தே மீண்டும் தொடங்கினேன்.

குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் கணிசமாகப் போகிறது. நடை மட்டும் போதும் என்றிருந்தபோது பாட்டில் மூடி திறக்கக் கை நடுங்கியது. எடை தூக்கும் பயிற்சியும் புரதமும் சேர்த்த பிறகு தேவலை. முடி கொத்தாக உதிர்ந்தது, சில மாதங்களில் நின்றது.

மற்றவை எனக்கு வராதவை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவை. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். ஊசியை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினாலும் அப்படியே. கண் நரம்புக்கு இரத்தம் தடைபடும் கோளாறு பத்தாயிரத்தில் ஒருவர் வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் சொன்னது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் என்ற இன்னொரு வார ஊசியைப் போடுபவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய பிறகும் நான்கு வாரம் வேறு தடுப்பும் வேண்டும்.

அடுத்து போலிகள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாக்ளூடைட் பற்றி எச்சரித்தது. குப்பியில் வாங்கிச் சிரிஞ்சில் தானே உறிஞ்சிப் போடுபவர்கள், மில்லிகிராமையும் சிரிஞ்சின் யூனிட் கோடுகளையும் குழப்பிக்கொண்டு 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக அதே ஆண்டு அமெரிக்காவில் அறிவிப்பு வந்தது. மருந்து வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும் வகை, அதிகமாகப் போட்டதை வெளியே எடுக்க வழியில்லை. வாந்தியோடும் குளுக்கோஸ் பாட்டிலோடும் காத்திருப்பதுதான்.

என் நாத்தனாருக்கும் ஆசை வந்திருக்கிறது. "அண்ணி, உங்க ஊசிப் பேனாவிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேனே, ஊசி முனையை மாத்திக்கலாம்" என்றாள். முனையை மாற்றினாலும் பேனாவுக்குள் இரத்தம் பின்னேறியிருக்கலாம், தொற்று வரும், மாட்டேன் என்றேன். பிறகு இணையத்தில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தாள். உயரம், எடை, பணம் கட்டும் விவரம் மூன்றோடு படிவம் முடிந்துவிட்டது. குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா என்ற கேள்வியே இல்லை. எலிகளிடம் இந்த மருந்து தைராய்டின் ஒரு வகைச் செல்லில் கட்டியை உண்டாக்கியது. மனிதர்களிடம் உறுதியாகவில்லை என்றாலும், அந்தச் செல்லில் வரும் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால் போடக் கூடாது என்று மருந்துக் குறிப்பில் இருக்கிறது. என் மாமியாருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் தைராய்டை எடுத்தார்கள். "கட்டி" என்ற அளவில்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது பாப்பில்லரி என்ற வேறு வகைத் தைராய்டு புற்றுநோயாக இருந்திருந்தால் இந்தத் தடை இவளுக்குப் பொருந்தாது. மெடுல்லரி என்றால் பேச்சே இல்லை. இப்போது தாயும் மகளும் பீரோவைக் கவிழ்த்து அந்தப் பழைய பயாப்சி அறிக்கையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.