ட்ரா-அ-பாக்ஸ்: ஓவிய மாணவர்களுக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்காது

ஓவியம் படிக்கும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புலம்பல்கள் இரண்டு. ஒன்று, "கை வரவே மாட்டேங்குது." மற்றது, "என்ன வரையறதுன்னே தெரியல." முதலாவதற்குப் பயிற்சி வேண்டும். இரண்டாவதற்கு, யாருக்கும் காட்டத் தேவையில்லாமல் மனம்போல் வரையும் நேரம் வேண்டும். முதலில் கை சரியாகட்டும், பிடித்ததைப் பிறகு வரையலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் இரண்டையும் கைவிட்டுவிடுகிறார்கள். ட்ரா-அ-பாக்ஸ் என்ற இலவச இணையப் பயிற்சி இந்த இரண்டு நேரத்தையும் முதல் பாடத்திலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. அதைப் பரிந்துரைக்க அதுவே முதல் காரணம். (கோப்புகளைச் சேமிக்கும் ட்ராப்பாக்ஸ் வேறு, இது வேறு.)

இதை நடத்துபவர் கனடாவில் இருக்கும் இர்ஷாத் கரீம். அமெரிக்காவின் பசடீனாவில் உள்ள கான்செப்ட் டிசைன் அகாடமியில், பீட்டர் ஹான் எடுத்த டைனமிக் ஸ்கெட்சிங் வகுப்பில் கற்றதை அடித்தளமாகக் கொண்டு தொடங்கினார். பாடங்கள் 0 முதல் 7 வரை. 0 எப்படிப் படிப்பது என்பதற்கு. 1-ல் கோடு, நீள்வட்டம், பெட்டி. 2-ல் உருண்டு திரண்ட வடிவங்கள், மேற்பரப்பின் சொரசொரப்பு, ஒரு வடிவம் இன்னொன்றை வெட்டும் இடம். பிறகு செடி, பூச்சி, விலங்கு, அன்றாடப் பொருள், வண்டி. நடுவே 250 பெட்டி, 250 உருளை, 25 சக்கரம் என்று தனிச் சவால்கள். எழுத்துப் பாடமும் வீடியோவும் முழுக்க இலவசம். மொழி ஆங்கிலம்; பக்கங்கள் நீளம், ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லும் பழக்கமும் உண்டு. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் வீடியோவில் கை எப்படி நகர்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு எழுத்தைப் படித்தால் பாதிச் சுமை குறையும்.

தொடங்குவதற்கு வாங்க வேண்டியவை இரண்டே. 0.5 மி.மீ. அளவு ஃபைன்லைனர் (மெல்லிய நுனியுள்ள மைப்பேனா), சாதாரண ஏ4 ஜெராக்ஸ் பேப்பர். விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக் வேண்டவே வேண்டாம். நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே கை இறுகிவிடும். பென்சில் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அழிக்க முடியும் என்று தெரிந்தால் கோட்டை யோசிக்காமல் போடுவோம், பிறகு அழித்து அழித்துத் திருத்துவோம். மையில் போட்டால் போட்டதுதான். அதனால் போடுவதற்கு முன்பே யோசிக்கப் பழகுகிறோம். ஃபைன்லைனரை எழுதுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தால் மை சீராக இறங்காது, நுனியும் சீக்கிரம் மழுங்கும். கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடித்து, அழுத்தாமல் தாளைத் தொட்டால் போதும்.

முதல் பாடத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் பயிற்சி, 'கோஸ்டிங்'. இரண்டு புள்ளி வையுங்கள். தாளைத் திருப்பி, கைக்கு வசதியான திசைக்குக் கொண்டுவாருங்கள். பேனாவைத் தாளுக்குச் சற்று மேலே பிடித்து, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு நாலைந்து முறை காற்றிலேயே கோடு போடுங்கள். அசைவு தோளிலிருந்து வரவேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. பிறகு அதே வேகத்தில், தயங்காமல், ஒரே இழுப்பு. கோடு புள்ளியைத் தாண்டிப் போனால் பரவாயில்லை, கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. நடுவில் நெளிந்தால்தான் தவறு. நெளிவது ஏன்? போகிற வழியில் கண் கோட்டைத் திருத்தப் பார்க்கிறது, கை அதற்குக் கீழ்ப்படிகிறது. வேகம் வந்துவிட்டால் திருத்த நேரம் இருக்காது, கோடு வழவழவென்று விழும். குறி தவறுவது பயிற்சியில் தானாகச் சரியாகும். நெளிவு அப்படிச் சரியாகாது, தயக்கம் போனால்தான் போகும்.

அதே பாடத்தில் ஒரு கோட்டின் மேல் எட்டு முறை திரும்பப் போடும் பயிற்சியும் உண்டு. அதில் முடிகிற பக்கம் கோடுகள் பிரிந்தால் கவலை இல்லை. தொடங்குகிற பக்கமே பிரிந்திருந்தால், பேனாவை வைப்பதில் அவசரம் என்று அர்த்தம். ஒரு வினாடி நின்று நுனியைச் சரியாக வைத்தால் தீரும் சிக்கல் அது. நீள்வட்டத்தைக் கை எடுக்காமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இனி 250 பெட்டிகள் சவால். பலர் படிப்பை நிறுத்துவதும் இங்கேதான். பெட்டியின் நமக்கு அருகிலுள்ள மூலையிலிருந்து மூன்று கோடுகள், ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி. அந்த மூன்று கோடுகளுக்கு இடையே உள்ள மூன்று கோணங்களும் 90 டிகிரியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்று அதைவிடக் குறுகினாலும் பெட்டி முறுக்கிய அட்டை டப்பா மாதிரி ஆகிவிடும். அதற்குமேல் எத்தனை நேர்த்தியாகக் கோடு போட்டும் பயனில்லை. பெட்டியில் மொத்தம் 12 விளிம்புகள், நான்கு நான்காக மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டத்தின் நான்கு கோடுகளும் தூரத்தில் ஒரே மறையும் புள்ளியை (தண்டவாளங்கள் தொலைவில் சேர்வதுபோல் தெரியும் இடம்) நோக்கிக் குவிய வேண்டும்.

ஒரு தாள் முடிந்ததும் வேறு நிறப் பேனாவால் ஒவ்வொரு பெட்டியின் 12 கோடுகளையும் நீட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் சவாலின் உயிரே இதில்தான் இருக்கிறது. நீட்ட வேண்டியது நம்மைவிட்டு விலகிப் போகும் திசையில். அவசரத்தில் நம்மை நோக்கி வரும் திசையில் நீட்டிவிட்டு, "எல்லாம் விரியுதே" என்று குழம்புகிறவர்கள் நிறைய. சரியாக நீட்டினால் ஒரு ஒழுங்கு தெரியும்: ஒரு கூட்டத்தின் நான்கு கோடுகளில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும், இரண்டு ஜோடிகளும் வெவ்வேறு இடத்துக்குப் போகும். காரணம், புதுக் கோடு போடும்போது பக்கத்தில் இருக்கும் ஒரு கோட்டை மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறோம். அடுத்த தாளில் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அந்தக் கூட்டத்தின் மற்ற மூன்றையும், இன்னும் போடாத கோட்டைக்கூட, மனதில் நீட்டிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். பின்பக்க மூலையில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேராமல் விலகி நிற்பதும் எல்லோருக்கும் நடக்கும். முன்னே செய்த சிறு பிழைகள் எல்லாம் கூடிச் சேரும் இடம் அது. மூலையை மட்டும் இழுத்துப் பிடித்து ஒட்டவைத்தால் பிழை ஒளிந்துகொள்ளும், தீராது.

நாளுக்கு ஐந்து பெட்டி என்றால் 50 நாள். விடுமுறையில் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பது பெரிய தவறு. ஒரு நாளைக்கு 36 பெட்டி போடுகிறவர் கோட்டை நீட்டிப் பார்ப்பதை எல்லாம் முடித்த பிறகு மொத்தமாகச் செய்வார். அப்போது முதல் பெட்டியில் இருந்த பிழை 250-வது பெட்டியிலும் அப்படியே இருக்கும்.

மூன்றாம் பாடத்தில் இலை வரைவதும் மிக நன்றாக இருக்கிறது. வேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள், அரம்போல் பல் பல்லாக விளிம்பு. பார்த்தவுடன் கை செய்வது, விளிம்பில் மேலும் கீழுமாகக் கோணல் கோடு இழுப்பது. அப்படி வரைந்த இலை தாளில் தட்டையாக ஒட்டிக்கிடக்கும். இங்கே சொல்லித்தரும் வரிசை வேறு. முதலில் இலை காற்றில் எப்படி வளைந்து ஓடுகிறது என்று ஒரே ஒரு ஓட்டக் கோடு. பிறகு பல் எதுவும் இல்லாத எளிய விளிம்பு, இரண்டு பக்கமும். கடைசியில் ஒவ்வொரு பல்லும் தனிக் கோடாக அந்த விளிம்பிலிருந்து கிளம்பி அதிலேயே வந்து சேர வேண்டும். முதலில் போட்ட எளிய விளிம்பு உள்ளே தெரிந்தாலும் இருக்கட்டும். இலை வளைந்தால் பற்களும் அதோடு சேர்ந்து வளையும். பெரிய வடிவம் முதலில், விவரம் அதன்மேல் என்ற இந்த ஒரு பழக்கம் மனித உருவம் வரையும்போதும் கைகொடுக்கும்.

இதுவரை சொன்னது கைக்கானது. ட்ரா-அ-பாக்ஸின் மிக முக்கியமான விதி பெட்டியைப் பற்றியதே இல்லை. வரைவதற்கு ஒதுக்கும் நேரத்தில் சரிபாதியை, கற்றுக்கொள்ளும் நோக்கம் இல்லாமல், வரையும் ஆசைக்காகவே வரைவதற்குக் கொடுக்க வேண்டும். 50 சதவீத விதி என்பார்கள். வேறு கோர்ஸ், பார்த்து வரையும் ஸ்டடி, கல்லூரி அசைன்மென்ட் எதுவும் அந்தப் பாதிக்குள் வராது. அது மோசமாக வரலாம், பாதியில் நிற்கலாம், யாருக்கும் காட்டவேண்டாம். கூடவே இன்னொரு விதி: வீட்டுப்பாடத்தில் சொன்ன பக்கங்களுக்குமேல் போடாதீர்கள், சரியாக வரவில்லை என்று திரும்பப் போடாதீர்கள். முதல் பாடத்தின் சுழலும் பெட்டிகள் பயிற்சி (பெட்டியைப் பல கோணங்களில் திருப்பித் திருப்பி வரைவது) முதல் முறையில் யாருக்கும் ஒழுங்காக வராது என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். தோற்றுவிட்டு அடுத்ததற்குப் போகவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் எல்லோரும் முதலில் கைவிடுவது ஆசைக்காக வரையும் இந்தப் பாதியைத்தான். பெட்டி போட்டால் உழைத்த மாதிரி தெரிகிறது, பிடித்ததை வரைந்தால் நேரத்தை வீணாக்கிய மாதிரி குற்ற உணர்வு. அப்படி விட்டவர்களுக்கு இந்தப் பயிற்சி மூன்றே மாதத்தில் தண்டனை மாதிரி ஆகிவிடும். சோழமண்டலத்தை நினைத்துப் பாருங்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு வெளியே கடற்கரையோரம் அந்த ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் (மெழுகு தடவிச் சாயமிடும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள், தங்கள் ஓவியத்தைத் தங்களுக்காக வரைந்தார்கள். ஒன்றின் நேரத்தை மற்றது விழுங்க விடக்கூடாது என்பதை நம் ஊர் ஓவியர்கள் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாதி நேரத்தில் என்ன வரைவது? இங்கேதான் பயிற்சி நம்மைத் தனியாக விட்டுவிடுகிறது. தைரியம் சொல்கிறது, வழி அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் குறையை நாமே ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரு நோட்டில் நிமிடக் கணக்கு எழுதுங்கள். பெட்டிக்கு 40 நிமிடம் என்றால் எதிர்ப் பக்கத்தில் சொந்த 40. கை எட்டும் தூரத்தில் உள்ள ஒரே விஷயத்தை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: டீக்கடை பாய்லர், மொட்டைமாடித் துணிக்கொடி, பஸ்ஸில் தூங்குகிறவர்கள், எதுவானாலும் சரி. ஒரு ஏ4 தாளை ஆறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஐந்து நிமிடம். முதல் இரண்டு கட்டத்தில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் வரும். நாலாவதில் வேறு கோணம் தேட ஆரம்பிப்பீர்கள். ஒருவர் பாய்லரை விட்டுவிட்டு ஆவிக்குப் பின்னால் மங்கும் முகத்தைப் பிடிப்பார், இன்னொருவர் தொங்கும் வாழைத்தாரிலேயே நின்றுவிடுவார். இருபது தாள் சேர்ந்ததும் தரையில் பரப்பி, திரும்பத் திரும்ப வந்திருப்பதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். முதுகுப்பக்கமா, கதவிடுக்கா, கம்பிகளா? அடுத்த மாதத்துக்கான விஷயம் அந்த வட்டங்களுக்குள் இருக்கும். இன்ஸ்டாகிராமில் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத் தேடுவதைவிட இது நம்பகமான வழி.

இந்தப் பயிற்சியில் இல்லாதவற்றையும் தெரிந்துகொண்டே சேருங்கள். வண்ணம் இல்லை. ஒளி, நிழல், ஷேடிங் இல்லை; இரண்டாம் பாடத்தில் மேற்பரப்புக்காகக் கற்றுத்தரும் விழுநிழல் மட்டும் உண்டு. மனித உருவம் இல்லை. அதற்கு ப்ரோகோவின் இலவச யூடியூப் பாடங்களும், நேரம் குறித்துப் படம் காட்டும் லைன் ஆஃப் ஆக்‌ஷன் தளமும் நல்ல துணை. அனிமேஷன், கேம், பொருள் வடிவமைப்புப் பக்கம் போகிறவர்களுக்கும், நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்து பர்ஸ்பெக்டிவில் (தூரமும் ஆழமும் தெரிய வரைவதில்) திணறுகிறவர்களுக்கும் ட்ரா-அ-பாக்ஸ் பெரிய உதவி. நீர்வண்ண நிலக்காட்சியோ, கோலம் சார்ந்த வடிவங்களோ, அரூப ஓவியமோதான் ஆசை என்றால் முதல் பாடமும் பெட்டியில் பாதியும் போதும். ஏழாவது பாடம்வரை போகவேண்டிய கட்டாயம் இல்லை.

திருத்தம் பெற இரண்டு வழி. தளத்திலும் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவிலும் சக மாணவர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். சில நாள் விரிவாக, சில நாள் ஒரே வரியில். கட்டணம் கட்டினால் அவர்களுடைய ஆட்களே பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொல்வார்கள். முதல் பாடத்துக்கு இலவசமே போதும். கட்டணத் திருத்தத்தின் பயன் மூன்றாம் பாடத்துக்குமேல்தான் அதிகம். பூச்சியும் விலங்கும் வரும்போது பிழை எங்கே என்று சக மாணவருக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். அனுப்பும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்தால் சரியான பெட்டியும் கோணலாகத் தெரியும், இல்லாத பிழைக்குத் திருத்தம் வந்து சேரும்.