செஸ்ல நீளமான மேட் புதிரை இன்ஜின்ல செக் பண்றது: பல வருஷமா பண்ணிப் பார்த்ததுல தெரிஞ்சது

ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் இன்ஜின் (செஸ் ஆடற சாஃப்ட்வேர்) "மேட் 14"னு, அதாவது 14 மூவ்ல மேட்னு காட்டிருச்சுன்னா புதிர் சரின்னு அர்த்தம் இல்லைங்க. இதை எங்க கொழிஞ்சாம்பாறை வாசகசாலைல எத்தனையோ பேர்கிட்ட சொல்லியாச்சு, யாரும் கேக்கறதில்ல, போனை நீட்டி பாருங்கண்ணா பச்சையா காட்டுதுங்கறாங்க. ரிடையர்டு மாஷ் (வாத்தியார்) ஒருத்தர் வருவாரு, அவரு மட்டும் விடமாட்டாரு, "சரி தம்பி, 14ல மேட் இருக்கு, 13ல இல்லேன்னு அதுகிட்ட எழுதி வாங்கினியா?"ம்பாரு. விஷயமே அந்தக் கேள்விலதான் இருக்கு.

இன்ஜின் மேட்னு சொன்னா மேட் இருக்கும், அதை நம்பலாம். ஆனா அதுதான் இருக்கறதுலயே குறைஞ்ச மூவ் மேட்டுன்னு நம்ப முடியாது. முதல்ல 19ம்பான், கொஞ்சம் ஓடவிட்டா 17, டீ குடிச்சிட்டு வந்தா 15. நான் போனை எடுத்து வச்சுட்டுப் போயிருந்தா 19தானே? ஏன்னா அவன் ஆட்டம் ஜெயிக்கறதுக்குன்னு செஞ்சவன், பிரயோஜனமில்லேன்னு தோணற கிளையெல்லாம் வெட்டிட்டுத்தான் அவ்வளவு ஆழம் போறான். அதுல நம்மளக் கவுக்கறது நல் மூவ்னு ஒரு வேலை. கறுப்பு ஒரு மூவ் பாஸ் பண்ணினாக்கூட தப்பிக்குதுன்னா, நிஜமா ஆடினா இன்னும் நல்லாவே தப்பிக்கும்னு கணக்குப் போட்டு அந்தக் கிளையை விட்டுருவான். ஆனா நல்ல புதிர்ல வெள்ளை செக்கே வைக்காது, சும்மா ராஜாவை ஒரு கட்டம் நகத்திட்டு உக்காந்துரும், கறுப்பு எதைத் தொட்டாலும் கெட்டது, பாஸ் பண்ண முடிஞ்சா மட்டுந்தான் பொழைக்கும். ஜூக்ஸ்வாங்னு சொல்ற அந்த இக்கட்டுதான் புதிரோட உசிரே, அங்கதான் இவன் தடுமாறுறான். அதைச் சமாளிக்க உள்ளுக்குள்ள சில ஏற்பாடு வச்சிருக்காங்கதான், ஆனா போர்டுல ஏழெட்டு காய் நிக்கறப்ப எப்பவும் கைகுடுக்கும்னு சொல்ல முடியாது.

சித்தப்பா துபாய்ல இருந்து கொண்டு வந்த பழைய செஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு வீட்டுல கிடக்கு, காயை அமுக்கினா சிவப்பு லைட் எரியும், அதுல மேட் தேடறதுக்குன்னே ஒரு லெவல் உண்டு. நெம்ப ஸ்லோ. மேட் 5 குடுத்தா ராத்திரி வச்சுட்டுப் படுக்கணும். ஆனா ஒண்ணு, அது எல்லா மூவையும் ஒண்ணுவிடாம பாக்கற சாதி, அதனால அது "இல்லை"ன்னா இல்லைதான். இன்னிக்கு இருக்கற சாஃப்ட்வேர்ல அந்தக் குணம் வேணும்னா புதிர் செக் பண்றதுக்குன்னே இருக்கற போப்பை, இல்லேன்னா செஸ்ட். போப்பைல ஒரே தொல்லை, மூவ் கூடக்கூட நேரம் ராக்கெட் மாதிரி ஏறும், ராஜாவுக்கு தப்பிக்க இத்தனை கட்டத்துக்கு மேல இருந்தா பாக்காதேன்னு கண்டிஷன் போட்டா வேகமா முடியும், ஆனா அப்படி முடிச்சது ப்ரூஃப் ஆகாது, இதை மறந்துட்டு "போப்பை ஓகே பண்ணிருச்சு"ங்கறவங்க ஜாஸ்தி.

ஸ்டாக்ஃபிஷ்லயே பண்றதா இருந்தா மல்டிபிவியை (ஒரே நேரத்துல எத்தனை மூவைக் காட்டணும்ங்கற செட்டிங்) நாலஞ்சுக்கு வைங்க, முதல் மூவா ரெண்டு வேற வேற மூவ் வேலை செஞ்சா புதிர் குக், அதாவது கெட்டுப்போன புதிர், அதோட கதை முடிஞ்சுது. ஹேஷ் மெமரி (முன்ன பாத்த பொசிஷனை ஞாபகம் வச்சுக்கற இடம்) ரேம்ல பாதியாவது குடுங்க, டீஃபால்ட்டா வர்ற 16 எம்பில நீளமான மேட்டைத் தேடச் சொல்றது அநியாயம்.

ஏழு காய்க்குள்ள இருந்தா இந்த பாடே வேண்டாம், டேபிள்பேஸ் இருக்கு, அதாவது எல்லா பொசிஷனுக்கும் முன்கூட்டியே விடை போட்டு வச்ச பட்டியல். ஆனா அதுல ஸிஸிஜிங்கற செட் மேட்டுக்கு எத்தனை மூவ்னு சொல்லாது, அடுத்த சிப்பாய் மூவோ வெட்டோ எத்தனைலங்கறதுதான் அதுல இருக்கு. ஏழு காய் செட் மொத்தமும் 16 டிபிக்கு மேல, அதனால ஆன்லைன்லதான் பாக்கணும். மாஸ்கோவுல 2012ல லொமொனோசவ் சூப்பர் கம்ப்யூட்டர்ல போட்டது மேட் கணக்கு, அதுல 549 மூவ் மேட்டெல்லாம் வந்துச்சு. ஆட்டத்துல அம்பது மூவ் ரூல் அதை டிரா ஆக்கிரும், ஆனா புதிருக்கு அந்த ரூலை பொதுவா பாக்கறதில்ல. இன்ஜினுக்கு அது தெரியாது, அதுபாட்டுக்கு எண்ணிட்டிருக்கும்.

பிளாத்தியோட 290 மூவ் புதிர் மாதிரி ராட்சசன்னா வேற வழி. பிளாத்தி ஹங்கேரிக்கார இன்ஜினியர், 1885ல டிரான்ஸ்ஃபார்மர் கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் (மழைக்கு எங்க ஊர் டிரான்ஸ்ஃபார்மர் டமார்னா மாஷ் "பிளாத்தி போயாச்சு"ம்பாரு). இந்த ஜாதிப் புதிர்ல கறுப்பு காயெல்லாம் பூட்டிக் கிடக்கும், வெள்ளை ஒரு பெரிய சுத்து சுத்தி வந்தா கறுப்பு ஒரு சிப்பாயைத் தள்ளியாகணும், மறுபடி அதே சுத்து. முன்னாடி இருந்து ஓடவிட்டா இன்ஜின் ஒண்ணும் பாக்காது. கடைசி மேட்டுல இருந்து ஒவ்வொரு சிப்பாய் மூவா பின்னாடி வாங்க, ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் நிறுத்தி ஓடவிடுங்க, ஹேஷ்ல முன்ன பாத்தது இருக்கறதால மேட் நம்பர் டக்கு டக்குனு ஏறி வரும். நடுவுல கரண்ட் போயி ஹேஷ் அழிஞ்சா திரும்ப முதல்ல இருந்துதான், அதனால யூபிஎஸ் இல்லாம இறங்காதீங்க.

இப்ப ஒரு 21 மூவ் புதிர் கைல இருக்கு, மெயின் லைன் சரி, குதிரையை வச்சு ஓடற ரெண்டு டிஃபென்ஸ் மட்டும் என் 8 ஜிபி லேப்டாப்ல முடிய மாட்டேங்குது. 32 ஜிபி வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, பொசிஷன் அனுப்பறேன்.