மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது? நான்கு பலகைகள், ஓர் அலசல்

கல்லூரியில் படிக்கும் பிள்ளை மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அறையை விட்டு வெளியே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘நல்லா கவுன்சலிங் பண்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க’ என்று உறவினர்களின் வாட்ஸாப் குழுவில் அம்மா கேட்கிறார். பத்து நிமிடத்தில் நாலு எண்கள் வந்துவிடும். ஒன்று மனநல மருத்துவருடையது, இன்னொன்று கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுடையது, மூன்றாவது எம்.எஸ்சி. உளவியல் படித்த கவுன்சலருடையது, நாலாவது ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் ஹீலர்’ என்று பலகை மாட்டியிருப்பவருடையது. அந்த அம்மாவுக்கு நாலும் ஒன்றுதான். யாருக்கு முதலில் லைன் கிடைக்கிறதோ அவரிடம் பிள்ளை போய்ச் சேரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களில் யார் இனிமையாகப் பேசுகிறார், யார் பொறுமையாகக் கேட்கிறார் என்று பார்ப்பது போதாது. ‘இது என்னால் ஆகாது, இன்னாரிடம் கூட்டிப்போங்கள்’ என்று எந்தக் கட்டத்தில் சொல்வார் என்பதுதான் நான் பார்ப்பது. பயிற்சி என்பதில் பெரும்பகுதி அந்த எல்லையைக் கற்றுக்கொள்வதுதான். படிக்காமல் பலகை மாட்டியவருக்கு அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று தெரியாது.

மனநல மருத்துவர்

எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் மூன்று ஆண்டு எம்.டி. மனநல மருத்துவமோ அதற்கு இணையான பட்டமோ படித்தவர். இந்த நால்வரில் மனநோய்க்கு மருந்து எழுதும் உரிமை இவருக்கு மட்டுமே உண்டு. இவரிடம் போவதில் பலர் யோசிக்காத லாபம் ஒன்று இருக்கிறது. இவர் உடம்பையும் பார்ப்பார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் நாட்டமின்மை வரும். மேலோட்டமாகப் பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு மாதக்கணக்கில் ‘பாசிட்டிவாக நினையுங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

குறையும் இருக்கிறது. கூட்டம் அதிகமான இடங்களில் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைப்பதே அரிது. மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடும், மனதில் இருப்பதைக் கொட்ட நேரம் இருக்காது. அடுத்தது பயம். ‘தூக்க மாத்திரை கொடுத்து அடிமையாக்கிடுவாங்க’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மனச்சோர்வுக்கு இன்று வழக்கமாகத் தரும் மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. அவை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பழக்கமாகிவிடும் ஆபத்துள்ள பதற்ற மாத்திரைகள் வேறு வகை. எந்த மருந்தை எத்தனை நாள் தருவது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதுதான் இவர் படித்த படிப்பே.

பயத்தைவிடப் பெரியது வெட்கம். 1794-ல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனை இருக்கும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நாலாவது பலகைக்கு ஆள் சேர்வது இந்த வெட்கத்தால்தான் என்பது என் எண்ணம். ‘இங்கே மருந்து கிடையாது, நோய் என்ற பேச்சே கிடையாது’ என்று ஒருவர் சொன்னால் குடும்பத்துக்கே மூச்சு வருகிறது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்

இவர் மருந்து எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். பல ஆண்டுகளாக இதற்கான அடிப்படைத் தகுதி, முதுகலைக்குப் பிறகு முழுநேரமாக இரண்டு ஆண்டு எம்.பில். மருத்துவமனையில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் படிப்பு அது. இப்போது படிப்பின் பெயரும் வடிவமும் மாறிவருகின்றன. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

அந்த மேற்பார்வைப் பயிற்சி எதற்கு என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கதவைப் பூட்டினோமா என்று இருபது தடவை திரும்பிப் போய்ப் பார்க்கும் எண்ணச் சுழற்சி நோய் ஒருவருக்கு இருக்கிறது. ‘பூட்டிட்டீங்க, கவலைப்படாதீங்க’ என்று ஆறுதல் சொல்வதுதான் யாருக்கும் இயல்பாக வருவது. அந்த ஆறுதலே நோயை வளர்க்கும். ஒவ்வொரு உறுதிமொழியும் அடுத்த சந்தேகத்துக்கு வழிவிடும். சந்தேகத்தோடு இருந்து பழக, திரும்பிப் பார்க்காமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குவதுதான் சிகிச்சை. நல்ல மனசு உள்ள, பயிற்சி இல்லாத ஒருவர் இங்கே தன் நல்ல மனசாலேயே கெடுத்துவிடுவார்.

குறை என்றால், இவர்கள் மிகச் சிலர்தான், அதிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில். சிறிய ஊர்க்காரருக்கு ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறிப் போவது நடக்கிற காரியமில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கிறாரா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

கவுன்சலர்

சிக்கல் தொடங்குவது இங்கே. மனம் திறந்து சொல்கிறேன், இவர்களில் அருமையானவர்கள் நிறையப் பேர் உண்டு. பள்ளிகளிலும் குடும்ப நீதிமன்றங்களிலும் குடிநோய் மீட்பு மையங்களிலும் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களிலும் குறைந்த சம்பளத்தில் பெரிய வேலை செய்கிறார்கள். தேர்வுப் பயம், கணவன் மனைவி மனக்கசப்பு, நெருங்கியவரைப் பறிகொடுத்த துயரம், வேலை போன கலக்கம் ஆகியவற்றுக்கு நல்ல கவுன்சலரே போதும். சில சமயம் மற்ற இருவரையும்விடப் பொருத்தமானவரும் அவரே.

ஆனால் எம்.எஸ்சி. உளவியல் என்ற ஒரே பெயருக்குள் பல படிப்புகள் இருக்கின்றன. ஒருவர் இரண்டு ஆண்டு கல்லூரிக்குப் போய், களப்பயிற்சி செய்து வந்திருப்பார். இன்னொருவர் அஞ்சல் வழியில் புத்தகம் படித்துத் தேர்வு எழுதியிருப்பார். துன்பத்தில் இருக்கும் ஒரு மனிதர் எதிரே, மேற்பார்வையோடு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். பட்டம் இருவருக்கும் ஒன்றுதான். உளவியல் உள்ளிட்ட துறைகளைத் தொலைதூர, இணையவழிக் கல்வியில் நடத்துவதை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் சொன்னது காரணமில்லாமல் அல்ல.

2021-ல் வந்த தேசிய இணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அல்லாத உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. மாநிலங்கள் அதைச் செயல்படுத்துவதில் காட்டிய தாமதத்தை 2024-ல் உச்ச நீதிமன்றமே கண்டிக்க வேண்டியிருந்தது. பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாரம் நோயாளியின் தலையில்தான்.

லைஃப் கோச், ஹீலர், மைண்ட் ட்ரெய்னர்

வார இறுதியில் ஜூம் வகுப்பு, முடிந்ததும் மின்னஞ்சலில் சான்றிதழ். ‘சர்டிஃபைடு’ என்று போட்டிருப்பார்கள். சான்று கொடுத்ததும் பெரும்பாலும் அந்த வகுப்பை விற்றவரேதான். சிலர் பெயருக்கு முன் ‘டாக்டர்’ இருக்கும். அந்த எழுத்துகளை எப்படி வாங்க முடிகிறது என்பதற்கு ஒரு சம்பவம் போதும்: 2023 பிப்ரவரியில், அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா எடுத்துப் போலி கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கியது, பல்கலைக்கழகம் பிறகு போலீசில் புகார் கொடுத்தது.

காலையில் எழுவது, வேலையைத் திட்டமிடுவது, மேடைக் கூச்சத்தைப் போக்குவது போன்றவற்றுக்கு ஒருவர் கோச் வைத்துக்கொண்டால் அதில் எனக்கு மறுப்பே இல்லை. மனச்சோர்வு, பதற்றம், சிறுவயதுப் பாலியல் கொடுமையின் காயம் என்று எல்லாவற்றையும் ‘இருபத்தொரு நாளில்’ சரிசெய்வதாகச் சொல்லும்போதுதான் அது ஆபத்தாகிறது. இருமுனைக் கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். பல மாதம் சோர்ந்து கிடந்தவர் திடீரென்று இரவெல்லாம் தூங்காமல் திட்டம் போடுகிறார், கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறார், ஓயாமல் பேசுகிறார். பயிற்சி பெற்றவர் இதைக் கண்டதும் பதறி, அன்றே மருத்துவரிடம் அனுப்புவார். கோச்சோ அதைத் தன் வெற்றியாக எண்ணி அவரைக் காணொளியில் உட்கார வைத்துச் சாட்சி சொல்லச் சொல்வார். ‘மாத்திரையை நிறுத்துங்கள், அது உங்கள் சக்தியை அடைக்கிறது’ என்ற அறிவுரையும் இந்த நாலாவது அறையிலிருந்துதான் வருகிறது. மனச்சிதைவு நோயிலோ இருமுனைக் கோளாறிலோ மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கலாம்.

புகார் கொடுக்கும் வழியிலும் நால்வருக்கும் வித்தியாசம் உண்டு. மருத்துவர் தவறு செய்தால் மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு மறுவாழ்வுக் குழுமம் இருக்கிறது. இருவரின் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். பதிவில்லாமல் கிளினிக்கல் சைக்காலஜி போன்ற மறுவாழ்வுத் தொழில் செய்பவருக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. ஆயிரம் ரூபாய்! சிலர் ஒரே அமர்வுக்கு அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்திலும் சிக்காமல் இருக்க வழி இருக்கிறது: ‘சைக்காலஜிஸ்ட்’ என்று போடாமல் ‘கோச்’ என்று போட்டுக்கொண்டால் போதும். பாதிக்கப்பட்டவருக்கு நுகர்வோர் ஆணையமும் காவல் நிலையமும்தான் மிச்சம். அங்கே போய்த் தன் அந்தரங்கத்தைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட பிறகுதான் உரிமமில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. மூடிய அறைக்குள் பேச்சால் விளையும் தீங்குக்குச் சங்கிலியும் இல்லை, தழும்பும் இல்லை. அதனால்தான் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

இத்தனைக்கும் தேவை உண்மையானது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றது. அந்த வெற்றிடத்தில்தான் நாலாவது பலகை தொங்குகிறது.

ஆக, அந்தப் பிள்ளையை எங்கே கூட்டிப்போவது? மூன்று வாரமாகத் தூக்கமும் பசியும் போயிருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம். அவர் பார்த்துவிட்டுப் பேச்சுவழிச் சிகிச்சைக்கு அனுப்பினால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். தூக்கமும் பசியும் சரியாக இருந்து, பரீட்சையோ காதலோ வீட்டுச் சண்டையோ மட்டும்தான் அழுத்துகிறது என்றால் கவுன்சலர். யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் சரிபாருங்கள். எண் இல்லாதவரிடம், யாருடைய மேற்பார்வையில் எங்கே பயிற்சி எடுத்தார் என்றும், எந்த மாதிரி ஆட்களை மருத்துவரிடம் அனுப்பிவைப்பார் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘என்கிட்ட வந்தா டாக்டரே தேவைப்படாது’ என்று பதில் வந்தால், கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஒரு கோச்சிடம் போய்க்கொண்டிருப்பவர்கள், அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தால், எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே தொடர்புகொள்ளுங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த அமர்வுக்கும் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.