திருச்சியில் ஒரு ஏசி கல்யாண மண்டபம்: வாடகை, பந்தி, போர்டில் எழுதிய இரண்டு பெயர்

முதலில் மண்டபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம். வயலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மேலே ஹால், கீழே பந்தி. ஒரு பந்திக்கு 200 பேர் உட்காரலாம். மேசை வரிசைகளுக்கு நடுவில், சாம்பார் வாளியோடு ஒருத்தர் திரும்பினாலும் யார் முதுகிலும் இடிக்காத அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பரிமாறியவர்கள் கஷ்டம் தெரிந்த யாரோ நின்று கட்ட வைத்திருக்க வேண்டும். கை கழுவுகிற இடத்தில் சொரசொரப்பான கல். லிஃப்டில் சக்கர நாற்காலி போகும். மணமகள் அறையில் ஏசி நன்றாக ஓடுகிறது, மணமகன் அறையில் சத்தம் மட்டும்தான் ஓடுகிறது.

வாடகை நாளுக்கு 90,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கரண்ட் மீட்டர்படி. ஜெனரேட்டர் டீசல், சுத்தம் செய்யும் கூலி, குப்பை வண்டி எல்லாம் நம் தலையில். திருச்சியில் இன்றைக்கு இது நியாயமான ரேட்தான்.

மண்டபத்தின் பெயரைப் போடவில்லை. என் அக்கா மகள் இந்து, மாப்பிள்ளை முஸ்லிம். பெயரை எழுதினால் அந்த மேனேஜர் அம்மாவுக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் போன் போட்டுப் பேசுவார்கள். எங்களுக்கு இடம் இல்லை என்ற மண்டபத்தின் பெயரும் அதே காரணத்தால் இங்கே இல்லை.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த மண்டபத்தின் அருமை புரியாது. மறுத்த மண்டபத்தில் நாங்கள் கேட்ட தேதி காலியாக இருந்தது. அங்கே இருந்தவர் ரசீது புத்தகத்தைத் திறந்தார். வாசல் போர்டுக்காகப் பெயர்களைக் கேட்டார். பெண் பெயரை எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை பெயரைச் சொன்னதும் பேனாவுக்கு மூடியைப் போட்டுவிட்டார்.

"டிரஸ்ட் ரூல் சார். இந்து கல்யாணம் மட்டும்தான்."

"போன மாசம் இங்கே சேலைக் கண்காட்சி போட்டாங்களே, வந்தவங்ககிட்ட மதம் கேட்டீங்களா?"

"அது வியாபாரம் சார்."

"அப்ப ரசீதுல இருக்கிற ஜிஎஸ்டி நம்பர்?"

"அது கவர்ன்மெண்டுக்கு சார்."

சொல்லிவிட்டு எங்களுக்கு டீ வரவழைத்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. அதனால் எனக்குக் கோபம் வரவே கொஞ்ச நேரமானது.

மத நிறுவனங்கள் இடம் நடத்துவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பள்ளிவாசலை ஒட்டிய மஹாலிலும் கேட்டுப் பார்த்தோம். ஜமாத் கடிதம் இல்லாமல் தருவதில்லை என்றார்கள். சரி என்று வந்துவிட்டோம். அது ஜமாத்காரர்களுக்காகவே கட்டியது, வெளியாருக்கு எதற்கும் விடுவதில்லை. சர்ச் வளாகத்து ஹால் சிலவும் அப்படித்தான். தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள அரசியல் சாசனத்தின் 26ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் மெயின் ரோட்டில் 'வாடகைக்கு விடப்படும்' என்று போர்டு வைத்து, சேலைக்காரருக்கும் செல்போன் கம்பெனிக்கும் விட்டுவிட்டு, கல்யாணம் என்றால் மட்டும் டிரஸ்ட் ரூலை எடுத்து நீட்டுவது வேறு விஷயம்.

அதே சாசனத்தின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம் என்று வரிசையாகச் சொல்லி, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காட்டி யாரையும் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்றால் எதுவரை என்று கேட்டபோது, தேடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக இருக்கிற இடம் எல்லாமே கடைதான் என்று அம்பேத்கர் பதில் சொன்னார். 2011இல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் அந்த விரிந்த பொருளையே எடுத்துக்கொண்டது. கல்யாண மண்டபம் அதற்குள் வராது என்று யாராவது வாதாடினால் நான் போய் உட்கார்ந்து கேட்கத் தயார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தீண்டாமை காட்டி மறுத்தால் 1955ஆம் வருடக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில் உண்டு. மதத்தைக் காட்டி மறுத்தால் அந்தச் சட்டத்தில் நேராகப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். முகூர்த்த தேதி அதுவரை காத்திருக்குமா? பாரபட்சத்துக்கு எதிராக ஒரு பொதுவான சட்டம் கேட்டு சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

நல்ல மண்டபத்துக்கு வருகிறேன். மேனேஜர் அம்மாவிடம் இரண்டு பெயரையும் முதலிலேயே சொன்னேன்.

"போர்டுல யார் பேர் வேணா வரட்டும்ணே, எனக்கு ஆதாரும் அட்வான்ஸும் போதும். கறி மட்டும் கூடாது. வாசல்ல பிள்ளையார் இருக்கார்."

இதுவும் மதத்தைச் சொல்லி ஆளைக் கழிக்கிற தந்திரமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சில இடங்களில் 'சைவம் மட்டும்' என்பதற்கு அர்த்தமே வேறு. விசாரித்தேன். வரவேற்புக்கு மட்டன் பிரியாணி போட வேண்டும் என்று கேட்ட ஓர் இந்துக் குடும்பத்துக்கும் இதே பதில்தான் போயிருக்கிறது, அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். அப்படியானால் சரி. மாப்பிள்ளையின் அத்தா, "சாம்பார் சாப்பிட்டா ஓடியா போயிருவோம்?" என்று சிரித்துவிட்டார். மறுநாள் வலீமா விருந்தில் பிரியாணியை அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வரவேற்பு அன்று மாலை பெரியவர்கள் மக்ரிப் தொழ இடம் கேட்டார்கள். நாங்கள் ஏற்பாடு செய்ய மறந்த விஷயம் இல்லை, கேட்கத் தயங்கிய விஷயம். வாட்ச்மேன் மாடியில் ஓர் அறையைத் திறந்து, தானே கூட்டி, ஜமுக்காளம் விரித்துவிட்டு, "மேற்கு இந்தப் பக்கம் பாய்" என்று ஜன்னலைக் காட்டினார். கீழே பிள்ளையாருக்குத் தினமும் நடக்கிற தீபாராதனையும் அதே நேரத்தில் நடந்தது. யாருக்காகவும் எதையும் நிறுத்தவில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன். கார்டு சிவகாசியிலிருந்து வரும், அச்சு என்னிடம். பிள்ளையார் சுழி, சிலுவை, 786 மூன்றும் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. கடை திறந்து வைத்திருப்பவனுக்கு எதையுமே மறுக்க உரிமை இல்லையா என்றால், உண்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஒரு கேக் கடை வழக்கு நடந்தது. 2014இல் ஒருவர் 36.50 பவுண்டு கொடுத்து, ஓரினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தோடு கேக் கேட்டார். கிறிஸ்தவ முதலாளிகள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கீழ்க் கோர்ட் 500 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது, மேல்முறையீட்டிலும் அவர்கள் தோற்றார்கள். 2018இல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் அதைப் புரட்டிப் போட்டார்கள்: அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் கடைக்காரர் மறுத்திருப்பார், ஆளைப் பார்த்து மறுக்கவில்லை.

அச்சுக்காரனுக்கு இது உடனே விளங்கும். அடுத்த மதத்துச் சாமியைக் கேவலப்படுத்தி நோட்டீஸ் கொண்டுவந்தால், அது என் சொந்தத் தம்பியே ஆனாலும் அடிக்க மாட்டேன். ஆனால் என் தெருவிலேயே ஒரு அச்சகக்காரர் மதம் தாண்டிய கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடிப்பதில்லை, அது தன் நம்பிக்கை என்கிறார். பெல்ஃபாஸ்ட் தீர்ப்பு அவருக்குத் துணைக்கு வராது. பத்திரிகையில் இருப்பது பெயர், தேதி, நேரம், இடம். அதே வரிகளை, அதே கார்டில், அவர் தினமும் அடிக்கிறார். மாறியிருப்பது பெயர் மட்டும்தான்.

மண்டபம் தேடும் மற்ற கலப்புமண வீட்டாருக்கு இரண்டு விஷயம். 'சுயமரியாதைத் திருமணம் செய்தால் போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த, இந்து திருமணச் சட்டத்தின் 1967 தமிழ்நாட்டுத் திருத்தம் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் செல்லும். மதம் மாறாமல் கட்டிக்கொள்ள 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி, முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி. அந்த முப்பது நாளைக் கணக்கில் வைத்து மண்டபத் தேதி எடுங்கள். இன்னொன்று, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்தால் கடைசி வாரத்தில் பத்திரிகை அவர்கள் கையில் போகும்போது பிரச்சினை வரும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்கு மீறி டீசல் கணக்கு எழுதினார்கள், கேட்டதும் குறைத்தார்கள். சாவி வாங்கும்போதே டேங்க் அளவை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.