பிஓடி, சிஓடி, டிஓசி: தோல் ஆலைக் கழிவுநீருக்கு எது ஒத்துவரும்?

கழிவுநீரில் எவ்வளவு கரிம அழுக்கு இருக்கிறது என்று மூன்று சோதனைகள் சொல்லும்: கிருமிகள் அதைத் தின்னச் செலவாகும் ஆக்சிஜன் பிஓடி, ரசாயனத்தால் அதைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் சிஓடி, அதிலுள்ள மொத்தக் கரிமக் கார்பன் டிஓசி. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஆலைக் கழிவுநீரில் உப்புதான் முதல் தலைவலி. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, ஊறவைக்கும்போதே தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் எந்தச் சோதனை செய்தாலும் உப்பிலிருந்து வரும் குளோரைடை முதலில் அளந்துவிடுங்கள்.

சிஓடிக்கு முடிவு அன்றே கிடைக்கும். 20 மில்லி மாதிரியில் 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட்டை (பாதரச உப்பு) போட்டுக் கலக்கி, 10 மில்லி 0.25 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட், பிறகு சில்வர் சல்பேட் (வினையூக்கியான வெள்ளி உப்பு) கரைத்த கந்தக அமிலம் 30 மில்லி. 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவையிலேயே விழும்படி கொதிக்கவைப்பது). இந்த வரிசை முக்கியம்: பாதரசம் குளோரைடைப் பிடிப்பதற்குள் வெள்ளி போனால், வெள்ளிக் குளோரைடாகப் படிந்து வினையூக்கி வீணாகும். 0.4 கிராம் தாங்குவது லிட்டருக்கு 2,000 மி.கி. குளோரைடு வரைதான். 6,000 இருந்தால் மூன்று மடங்குக்கு மேல் நீர்த்தே ஆக வேண்டும். பிடிபடாத 1,000 மி.கி. குளோரைடே சுமார் 226 மி.கி. பொய் சிஓடி காட்டும். ஆற்றில் விட அனுமதித்த வரம்பே 250! கரைசல் முழுப் பச்சையானால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது. இன்னும் நீர்த்து மறுபடி செய்யுங்கள். பாதரசக் கழிவைத் தனிக் கேனில் சேர்க்க வேண்டும், சிங்க்கில் ஊற்றக்கூடாது.

பிஓடி இங்கே 27 டிகிரியில் 3 நாள். 600 மி.கி. எதிர்பார்த்தால் 300 மில்லி பாட்டிலுக்கு 1, 2, 3 மில்லி என மூன்று அளவில் வையுங்கள். பாட்டிலில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.யாவது இறங்கியிருக்க வேண்டும், 1 மி.கி.யாவது மிஞ்ச வேண்டும். 3 மில்லி பாட்டில் 400, 2 மில்லி 500, 1 மில்லி 620 என்று, நீர்க்க நீர்க்க பிஓடி ஏறினால் குரோமியமோ வேறு நஞ்சோ கிருமிகளை முடக்குகிறது என்று சந்தேகப்படுங்கள். சராசரி போட்டு எழுதிவிடாதீர்கள். பாட்டிலில் சேர்க்கும் விதைக்கிருமியை, அந்த நீருக்குப் பழகியதாக, ஏரேஷன் தொட்டியிலிருந்து (கழிவுநீருக்குக் காற்றூட்டும் தொட்டி) எடுப்பது நல்லது.

டிஓசி சில நிமிடத்தில் முடியும், பாதரசமும் வேண்டாம். ஆனால் சுண்ணாம்புத் தொட்டி நீரின் கார்பனேட்டை அமிலமிட்டு வெளியேற்றாவிட்டால் கணக்கு கெடும். உப்பு எரிகுழாயிலும் வினையூக்கியிலும் படியும். அனுமதி வரம்பும் பிஓடி, சிஓடியில்தான் இருக்கிறது.

அன்றாட ஓட்டத்துக்கு எங்கள் தேர்வு சிஓடி. பிஓடியை வாரம் ஒருமுறை அதே மாதிரியில் சேர்த்துச் செய்து, பிஓடியை சிஓடியால் வகுத்த விகிதத்தைக் குறித்து வாருங்கள்; உள்ளே வரும் நீரில் அது திடீரென்று சரிந்தால், அன்றைக்கு எந்தத் தோல் பதனிடும் டிரம்மிலிருந்து என்ன திறந்துவிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.